இணைப்பு எங்கே அறுந்தது?

(இரண்டாம் ஆண்டு, இளம் அறிவியல் – இயற்பியல்)

முன்னுரை

அறிவியல் வளர்ச்சியினால் உலகம் சுருங்கி நம் உள்ளங்கைக்குள் வந்துவிட்டது என்பதை இன்று யாவரும் அறிவர். 1969ஆம் ஆண்டு அக்டோபர் 29ஆம் நாள், அமெரிக்காவில் லாஸ் ஏஞ்சலிஸ் நகரப் பல்கலைக்கழகக் கணினி ஒன்று, ஸ்டான்ஃபோர்டு ஆராய்ச்சி நிலையத்தில் இருந்த மற்றொரு கணினிக்கு முதல் செய்தியை அனுப்பியது. ‘லாகின்’ என்னும் சொல்லை அனுப்ப முயன்றார்கள். ‘எல்’, ‘ஓ’ என்னும் இரண்டு எழுத்துகள் போய்ச் சேர்ந்தவுடன் அமைப்பு செயலிழந்து நின்றுவிட்டது. ஆக, இணையம் பிறந்த அன்றே இணைப்புக் கோளாறும் உடன்பிறந்துவிட்டது என்று கூறினால் அது மிகையாகாது!

நம் நாட்டில் 1995ஆம் ஆண்டு ஆகஸ்ட் 15ஆம் நாள் பொதுமக்களுக்கான இணையச் சேவை தொடங்கப்பட்டது. இன்று கல்லூரிச் சேர்க்கை, கல்வி உதவித்தொகை, தேர்வு முடிவு யாவும் இணையத்தின் வழியே நடைபெறுகின்றன. இணைப்பு அறுந்தால் நம் படிப்பும் அங்கேயே நின்றுவிடுகிறது. அப்போது நாம் என்ன செய்கிறோம்? கணினியை அணைத்து அணைத்துப் போடுகிறோம். கைக்குக் கிடைத்த பொத்தானையெல்லாம் அழுத்துகிறோம். இறுதியில் கடைக்குத் தூக்கிக்கொண்டு ஓடுகிறோம். நானும் அப்படித்தான் ஓடினேன். அந்த அனுபவத்தையும், அதிலிருந்து நான் கற்ற சோதனை முறையையும் மாணவ நண்பர்களுடன் பகிர்ந்துகொள்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

நடந்தது என்ன?

என்னிடம் இருப்பது என் அண்ணனின் மடிக்கணினி. தமிழக அரசு 2011ஆம் ஆண்டு தொடங்கிய விலையில்லா மடிக்கணினித் திட்டத்தின் கீழ், பிளஸ் டூ படித்தபோது அவனுக்குக் கிடைத்தது. பிளஸ் டூ முடித்ததும் அவன் திருப்பூருக்கு வேலைக்குப் போனான். முதலில் ஒரு டி.டி.பி. கடை, பிறகு பனியன் கம்பெனி. நான் கல்லூரியில் சேர்ந்தபோது, “எனக்கு இனிமேல் எதுக்கு? நீ படி” என்று சொல்லி அதைத் துணிப்பையில் சுற்றிக் கொடுத்தான். எங்கள் குடும்பத்தில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் நான்தான்.

எங்கள் வீட்டில் இணைய இணைப்பு இல்லை. தெருமுனையில் மளிகைக் கடை வைத்திருக்கும் பெரியப்பா, கேபிள் டி.வி.காரர் மூலம் ஃபைபர் இணைப்பு வாங்கியிருந்தார். “கடை மூடுற வரைக்கும் உட்கார்ந்து படிச்சுக்கோம்மா” என்று அதன் கடவுச்சொல்லையும் சொன்னார். அரிசி மூட்டைகளுக்குப் பக்கத்தில் ஒரு ஸ்டூலைப் போட்டுக்கொண்டு மடிக்கணினியைத் திறந்தேன். வைஃபை சேர்ந்தது. ஆனால் ‘இணையம் இல்லை’ என்ற அறிவிப்பே வந்தது. இணையவழிப் பாடம் ஒன்றின் பயிற்சியை வெள்ளிக்கிழமைக்குள் சமர்ப்பிக்க வேண்டும். அன்று செவ்வாய்க்கிழமை.

மறுநாள் கல்லூரி விட்டதும் நகரில் உள்ள பழுதுபார்க்கும் கடை ஒன்றுக்குக் கொண்டுசென்றேன். கடைக்காரர் ஐந்து நிமிடம் பார்த்துவிட்டு, “வைஃபை கார்டு போயிடுச்சும்மா. மாத்தணும். 2,200 ரூபா ஆகும்” என்றார். “வேறு ஏதாவது காரணம் இருக்குமா அண்ணே?” என்று கேட்டேன். “சொன்னா உனக்குப் புரியாதும்மா” என்றார்.

வீட்டில் விஷயத்தைச் சொன்னேன். என் அம்மா கூலி வேலைக்குச் செல்பவர். 2,200 ரூபாய் என்பது ஏறக்குறைய அவருடைய ஒரு வாரக் கூலி. சிறிது நேரம் பேசாமல் இருந்துவிட்டு, “அவர் சொல்றது நிஜமான்னு யாரைக் கேக்குறது? படிச்ச புள்ள நீ. உனக்கே தெரியலன்னா எனக்கு என்ன தெரியும்?” என்றார். அம்மா குற்றமாகச் சொல்லவில்லை. ஆனால் அன்றிரவு அந்தக் கேள்வி என்னைத் தூங்கவிடவில்லை.

ஆய்வகம் காட்டிய வழி

வியாழக்கிழமை காலை எங்களுக்கு இயற்பியல் ஆய்வகம். மின்னழுத்தமானிச் சோதனை. எல்லாக் கம்பிகளையும் இணைத்துவிட்டேன். ஆனால் கால்வனாமீட்டரின் முள் சிறிதும் அசையவில்லை. நான் கம்பிகளையெல்லாம் பிடுங்கி மறுபடி மாட்டப் போனேன். அதைக் கண்ட எங்கள் பேராசிரியர், “எல்லாவற்றையும் பிடுங்கிவிட்டால் கோளாறு எங்கே இருந்தது என்று உனக்கு எப்போதும் தெரியாது. மின்கலத்திலிருந்து தொடங்கு. ஒவ்வொரு இணைப்பாகப் பார்த்துக்கொண்டே வா. ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்று” என்றார். அப்படியே பார்த்துக்கொண்டு வந்தேன். மூன்றாவது இணைப்பில் கம்பியின் முனை துருப்பிடித்திருந்தது. உப்புத்தாளால் தேய்த்ததும் முள் அசைந்தது.

இணைய இணைப்பும் இப்படிப்பட்ட ஒரு சுற்றுத்தானே என்னும் எண்ணம் அப்போதுதான் எனக்கு உண்டாயிற்று. மதிய இடைவேளையில் கணினி அறிவியல் மூன்றாம் ஆண்டு அக்கா ஒருவரைத் தேடிப் போனேன். அவர் என் பேருந்துச் சீட்டின் பின்புறம் இரண்டு கட்டளைகளை எழுதிக் கொடுத்து, அவை என்ன செய்யும் என்பதையும் பத்து நிமிடத்தில் விளக்கினார். அந்தச் சீட்டு இன்றும் என் இயற்பியல் பதிவேட்டுக்குள் இருக்கிறது.

இணையம் வரும் வழி

சோதனைக்குள் நுழையுமுன், இணையம் நம் மேசைக்கு எந்த வழியாக வருகிறது என்பதை அறிதல் வேண்டும். மடிக்கணினியிலிருந்து வானொலி அலையாகவோ கேபிள் வழியாகவோ செய்தி ரவுட்டருக்குச் செல்கிறது. ரவுட்டரிலிருந்து ஃபைபர் பெட்டிக்கும், அங்கிருந்து கண்ணாடி இழை வழியாகச் சேவை தருபவரின் நிலையத்துக்கும், பிறகு வெளியுலகுக்கும் செல்கிறது. பல இடங்களில் ரவுட்டரும் ஃபைபர் பெட்டியும் ஒரே பெட்டியாக இருப்பதும் உண்டு. இது ஒரு சங்கிலி. ஒரு கண்ணி அறுந்தாலும் நமக்குத் தெரிவது ‘இணையம் இல்லை’ என்ற ஒரே வாசகந்தான்.

இந்தப் பயணத்தில் ஒவ்வொரு கருவிக்கும் ஒரு முகவரி வேண்டும். அதுவே ஐ.பி. முகவரி எனப்படுகிறது. 192.168.1.7 என்பதுபோல நான்கு எண்கள் புள்ளிகளால் பிரிக்கப்பட்டிருக்கும். ஒவ்வோர் எண்ணும் 0 முதல் 255 வரை இருக்கலாம். கணக்கிட்டுப் பார்த்தால் மொத்தம் 4,294,967,296 முகவரிகளே கிடைக்கும். உலகில் உள்ள கருவிகளுக்கு இவை போதா. ஆகவே 1996ஆம் ஆண்டு வெளியான விதிமுறைப்படி, 192.168 என்று தொடங்குபவை உள்ளிட்ட சில எண்கள் வீட்டுக்குள்ளும் அலுவலகத்துக்குள்ளும் மட்டும் பயன்படுத்துவதற்கென ஒதுக்கப்பட்டன. அதனால்தான் உங்கள் வீட்டிலும் பக்கத்து ஊரிலும் ஒரே எண் இருந்தாலும் குழப்பம் நேர்வதில்லை. வெளியுலகுக்குச் செல்லும்போது ரவுட்டர் தன் முகவரியை இட்டு அனுப்பி, வரும் பதிலை உரியவரிடம் பிரித்துக் கொடுத்துவிடுகிறது.

வீட்டு இணைப்புகளில் பெரும்பாலும் முதல் மூன்று எண்களைத் தெருவின் பெயர் என்றும், கடைசி எண்ணைக் கதவு எண் என்றும் கொள்ளலாம். ஒரே தெருவில் உள்ளவர்கள் நேரே பேசிக்கொள்வார்கள். வேறு தெருவுக்குப் போக வேண்டுமானால் தெருவின் வாயிலைக் கடக்க வேண்டும். அந்த வாயில்தான் ரவுட்டர்.

கதவு எண்ணை யார் தருகிறார்? புதிதாக ஒரு கருவி வைஃபையில் சேர்ந்ததும், “எனக்கு ஓர் எண் கொடுங்கள்” என்று கேட்கிறது. ரவுட்டர் காலியாக உள்ள எண் ஒன்றைக் கொடுக்கிறது. கூடவே வாயில் எது, பெயர் கேட்க வேண்டிய இடம் எது என்பதையும் சொல்லிவிடுகிறது. டி.எச்.சி.பி. எனப்படும் இம்முறை 1993ஆம் ஆண்டு முதன்முதலில் வரையறுக்கப்பட்டது.

‘பெயர் கேட்கும் இடம்’ என்றால் என்ன? நாம் தளங்களைப் பெயரால் அழைக்கிறோம். கணினிகளோ எண்ணால் மட்டுமே ஒன்றையொன்று அறியும். தொடக்கக் காலத்தில், எந்தப் பெயருக்கு எந்த எண் என்னும் பட்டியல் முழுவதும் ஒரே கோப்பாக, நாம் முன்னர்க் கண்ட அதே ஸ்டான்ஃபோர்டு ஆராய்ச்சி நிலையத்தில் வைத்துப் பராமரிக்கப்பட்டது. கணினிகள் பெருகவே அது இயலாமற்போயிற்று. 1983ஆம் ஆண்டு பால் மோக்கபெட்ரிஸ் என்பவர் டி.என்.எஸ். என்னும் முறையை உருவாக்கினார். ஊருக்குப் புதிதாக வருபவர் டீக்கடையில் நின்று, “டெய்லர் வீடு எங்கே?” என்று கேட்டால், “மேலத்தெரு, எட்டாம் நம்பர்” என்று சொல்கிறார்கள் அல்லவா? டி.என்.எஸ். செய்வதும் அதுவே.

சோதனை முறை

வியாழன் மாலை கடையில் அதே ஸ்டூலில் அமர்ந்தேன். அருகில் இருப்பதிலிருந்து தொலைவில் இருப்பதை நோக்கிச் செல்வது என்று முடிவு செய்துகொண்டேன். ஒவ்வொரு படியிலும் கண்டதை நோட்டில் எழுதினேன். அவற்றை அதே வரிசையில் கீழே தருகிறேன்.

1. வேறொரு கருவியில் வருகிறதா?

ஒரே ரவுட்டரில் வேறொரு செல்பேசியைச் சேர்த்துப் பார்க்க வேண்டும். இங்கே ஒரு பொறி உண்டு. செல்பேசியில் மொபைல் டேட்டா திறந்திருந்தால் அது சிம் கார்டின் வழியே இணையத்தைக் கொண்டுவந்துவிடும். நாமோ வைஃபை வேலை செய்கிறது என்று ஏமாந்துவிடுவோம். எனவே டேட்டாவை அணைத்துவிட்டுச் சோதித்தல் வேண்டும். அம்மாவின் செல்பேசியில் டேட்டாவை அணைத்துப் பார்த்தேன். இணையம் வந்தது. ஆக, ரவுட்டர், ஃபைபர், சேவை தருபவர் யாவரும் குற்றமற்றவர்கள். கோளாறு என் மடிக்கணினியிலோ, அதற்கும் ரவுட்டருக்கும் இடையிலோ இருக்கிறது. ஒரே சோதனையில் சங்கிலியின் பெரும்பகுதி கழிந்துவிட்டது!

2. விளக்குகள் என்ன சொல்கின்றன?

எந்தக் கருவியிலும் வரவில்லையென்றால் மட்டுமே பெட்டியைப் பார்க்க வேண்டும். ஃபைபர் பெட்டியில் ‘எல்.ஓ.எஸ்.’ என்னும் விளக்கு சிவப்பாக எரிந்தால் இழையில் ஒளி வரவில்லை என்று பொருள். இழை மடங்கியிருக்கலாம், தெருவில் அறுந்திருக்கலாம். அது நாம் தீர்க்கக்கூடியதன்று. சேவை தருபவருக்குத் தகவல் சொல்லவேண்டியதே. விளக்குகள் சரியாக இருந்தும் இணையம் இல்லையென்றால், மின்சாரத்தை அணைத்து அரை நிமிடம் கழித்துப் போட்டு, இரண்டு மூன்று நிமிடம் பொறுத்துப் பார்க்கலாம்.

3. மடிக்கணினி ரவுட்டரோடு சேர்ந்திருக்கிறதா?

விமானப் பயன்முறை தவறுதலாகத் திறந்திருந்தால் வைஃபை அடைபட்டிருக்கும். சில மடிக்கணினிகளில் விசைப்பலகையின் மேல்வரிசையில் உள்ள ஒரு விசையே இதைச் செய்துவிடும். என் திரையிலோ பெரியப்பா கடையின் வைஃபை மட்டுமன்றி, அக்கம்பக்கத்து வைஃபை பெயர்கள் மூன்றும் தெரிந்தன. அங்கேதான் நான் நிமிர்ந்து உட்கார்ந்தேன். வைஃபை கார்டு கெட்டுப்போயிருந்தால் இந்த அலைகளை வாங்கியது யார்? கடவுச்சொல்லைக் கொடுத்து ரவுட்டரோடு சேர்ந்தது யார்? 2,200 ரூபாய் கார்டு நன்றாகத்தான் இருக்கிறது என்பதற்கு இதுவே வலுவான சான்று.

4. என் முகவரி என்ன?

விண்டோஸ் தேடல் கட்டத்தில் சி.எம்.டி. என்னும் மூன்று ஆங்கில எழுத்துகளைத் தட்டினால் ஒரு கறுப்புத் திரை திறக்கும். அதில் ஐ.பி.கான்ஃபிக் என்பதை இடைவெளியின்றி ஆங்கிலத்தில் தட்டச்சு செய்ய வேண்டும். பேருந்துச் சீட்டில் இருந்த முதல் கட்டளை இதுவே. வரும் விடையை மூன்று வகையாகப் பிரிக்கலாம்.

முதல் வகை: செல்பேசிக்குக் கிடைத்த அதே தெருவின் எண் மடிக்கணினிக்கும் கிடைத்திருத்தல். இது நல்ல நிலை.

இரண்டாம் வகை: 169.254 என்று தொடங்கும் எண். “எண் கொடுங்கள்” என்று கேட்டும் ஒருவரும் பதில் தராததால், கணினி தானே இட்டுக்கொண்ட எண் இது. வைஃபையைத் துண்டித்து மறுபடி சேர்க்க வேண்டும். தீராவிடில் ரவுட்டரை ஒருமுறை அணைத்துப் போட வேண்டும்.

மூன்றாம் வகை: முற்றிலும் வேறு தெருவின் எண். யாரோ கையால் எழுதி வைத்த எண் இது.

அம்மாவின் செல்பேசியில் வைஃபை விவரத்தைத் திறந்து பார்த்தேன். அதன் எண் 192.168.1.4, வாயில் 192.168.1.1. என் மடிக்கணினியோ 192.168.0.25 என்றது, வாயில் 192.168.0.1 என்றது. ஒன்றுக்கும் பூச்சியத்துக்கும் உள்ள வேறுபாடுதான். ஆனால் தெருவே வேறு! இல்லாத தெருவில், இல்லாத வாயிலைத் தட்டிக்கொண்டு என் மடிக்கணினி இத்தனை நாள் நின்றிருக்கிறது.

5. வாயிலைத் தட்டுதல்

பேருந்துச் சீட்டின் இரண்டாவது கட்டளை ‘பிங்’. நீர்மூழ்கிக் கப்பலைக் கண்டறிய ஒலியை அனுப்பி எதிரொலியைக் கேட்கும் சோனார் கருவியின் ஓசையை ஒட்டி இப்பெயர் வந்தது. 1983ஆம் ஆண்டு மைக் மூஸ் என்பவர் இதை எழுதினார். பிங் என்று தட்டி, இடைவெளி விட்டு, எண்ணைத் தட்டினால் விண்டோஸ் அந்த எண்ணை நான்கு முறை தட்டிப் பார்த்து, பதில் வந்ததா, எத்தனை மில்லி வினாடியில் வந்தது என்று சொல்லும்.

192.168.1.1 என்னும் வாயிலைத் தட்டினேன். ‘சென்றடைய இயலவில்லை’ என்னும் பொருள்பட விடை வந்தது. எதிர்பார்த்ததுதான். பிறகு கன்ட்ரோல் பேனலில் நெட்வொர்க் இணைப்புகளுக்குள் சென்று, வைஃபையின் மேல் வலது சொடுக்கி, பண்புகளைத் திறந்து, ‘இன்டர்நெட் புரோட்டோகால் வெர்ஷன் 4’ என்பதை எடுத்தேன். அங்கே அந்த 25 என்னும் எண் கையால் எழுதப்பட்டிருந்தது. மாற்றுவதற்கு முன் அங்கிருந்தவற்றையெல்லாம் நோட்டில் குறித்துக்கொண்டேன். பிறகு ‘முகவரியைத் தானாகப் பெறுக’ என்பதைத் தேர்ந்தெடுத்தேன். ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்று என்பது பேராசிரியர் சொல் அல்லவா? ஆகவே வேறு எதையும் தொடவில்லை.

மறுபடி ஐ.பி.கான்ஃபிக். இப்போது 192.168.1.7! வாயிலைத் தட்டினேன். நான்கு முறையும் பதில் வந்தது.

6. வெளியுலகைத் தட்டுதல்

அடுத்து 8.8.8.8 என்னும் எண்ணைத் தட்ட வேண்டும். இது கூகுள் நிறுவனம் 2009ஆம் ஆண்டு முதல் பொதுமக்களுக்காக நடத்திவரும் டி.என்.எஸ். சேவையின் முகவரி, நினைவில் வைக்க எளிது. வாயில் பதில் தந்து, இது பதில் தராவிட்டால் கோளாறு ரவுட்டருக்கு அப்பால் இருக்கிறது என்று பெரும்பாலும் கொள்ளலாம். சில அலுவலகங்களிலும் கல்லூரிகளிலும் பிங் கட்டளையையே தடுத்து வைத்திருப்பார்கள் என்பதையும் நினைவில் கொள்க. எனக்கு நான்கு பதில்களும் வந்தன. வெற்றி என்று எண்ணி உலாவியைத் திறந்தேன். ஒரு தளமும் திறக்கவில்லை!

உண்மையைச் சொன்னால் அந்த நேரத்தில் எனக்குக் கண்ணீர் வந்துவிட்டது. மணி ஒன்பதாகிவிட்டது. பெரியப்பா கடையை மூடுவதற்காக வெளியே தொங்கிய வாழைத்தாரை உள்ளே எடுத்து வைத்துக்கொண்டிருந்தார். கடைக்காரர் சொன்னதே சரியோ என்று ஒரு கணம் நினைத்தேன். பிறகு நோட்டைப் பார்த்தேன். எண்ணால் போனால் பதில் வருகிறது. பெயரால் போனால் வரவில்லை. அப்படியானால் எஞ்சியிருப்பது ஒரே ஒரு கண்ணி அல்லவா?

7. பெயரைக் கேட்டல்

பிங் கட்டளையில் எண்ணுக்குப் பதிலாக ஒரு தளத்தின் பெயரைக் கொடுத்தேன். ‘அப்பெயரைக் கண்டுபிடிக்க இயலவில்லை’ என்றது. பண்புகளின் அதே பெட்டியை மீண்டும் திறந்தேன். அதில் மேற்பாதி முகவரிக்கு; கீழ்ப்பாதி டி.என்.எஸ்.ஸுக்கு. இரண்டும் தனித்தனி. மேற்பாதியை மட்டும் நான் மாற்றியிருந்தேன். கீழ்ப்பாதியில் பழைய 192.168.0.1 என்னும் எண் அப்படியே இருந்தது. ஊர் மாறி வந்த பின்னும், பழைய ஊரின் டீக்கடையிலேயே என் மடிக்கணினி வழி கேட்டுக்கொண்டிருந்தது! அதையும் தானாகப் பெறுமாறு மாற்றினேன். தளம் திறந்தது.

“வந்துடுச்சு பெரியப்பா!” என்று நான் போட்ட சத்தத்தில், சோப்பு வாங்க வந்தவர் திரும்பிப் பார்த்தார். “நீ முடிச்சுட்டுச் சொல்லு, அப்புறம் மூடிக்கலாம்” என்று பெரியப்பா ஷட்டரைப் பாதியில் நிறுத்திவிட்டு உட்கார்ந்தார். பயிற்சியை அன்றிரவே சமர்ப்பித்தேன். ஆன நேரம் ஒன்றரை மணி. ஆன செலவு ஒன்றுமில்லை.

8. உலாவியும் நாட்காட்டியும்

எண்ணும் பெயரும் சரியாக இருந்தும் சில தளங்கள் மட்டும் ‘பாதுகாப்பற்ற இணைப்பு’ என்று மறுத்தால், கணினியின் தேதியைப் பாருங்கள். என் வகுப்புத் தோழி ஒருத்திக்கு இது நேர்ந்தது. பழைய மடிக்கணினியில் கடிகாரத்துக்கான சிறு மின்கலம் தீர்ந்துவிட்டால் தேதி பல ஆண்டுகள் பின்னோக்கிப் போய்விடும். தளங்கள் காட்டும் பாதுகாப்புச் சான்றிதழுக்குத் தொடக்க நாளும் முடிவு நாளும் உண்டு. தவறான தேதியில் வாழும் கணினி அச்சான்றிதழை ஏற்பதில்லை. தேதியைத் திருத்தியதும் தோழியின் கணினி சரியாயிற்று.

செய்யக் கூடாதவை

ரவுட்டரின் பின்புறம் ஊசிமுனை அளவு துளைக்குள் ஒரு பொத்தான் இருக்கும். அதை அழுத்தி வைத்தால் ரவுட்டரில் உள்ள அமைப்புகள் யாவும் அழிந்துவிடும். சேவை தருபவர் பதிந்து வைத்த பயனர் பெயரும் கடவுச்சொல்லும் அவற்றோடு போய்விடக்கூடும். பிறகு அவர் வந்துதான் சரிசெய்ய வேண்டும். முதல் நாள் பதற்றத்தில் அதை அழுத்தலாமா என்று நானும் நினைத்தேன். அழுத்தியிருந்தால், தனக்கு இடம் கொடுத்த பெரியப்பாவின் கடைக்கே இணைப்பு இல்லாமற் செய்த பழி எனக்கு வந்திருக்கும்.

அதுபோலவே, காரணம் தெரியுமுன் கணினியை ஃபார்மட் செய்ய ஒப்புக்கொள்ளாதீர்கள். அதில் உள்ள நம் கோப்புகள் அழிந்துவிடலாம். மாற்றுமுன் பழைய நிலையை எழுதி வைக்காமல் எதையும் மாற்றாதீர்கள். இரண்டு மாற்றங்களை ஒரே நேரத்தில் செய்யாதீர்கள்.

அந்த 25

ஒரு கேள்வி மட்டும் எஞ்சியிருந்தது. அந்த எண்ணை எழுதி வைத்தது யார்? ஞாயிற்றுக்கிழமை அண்ணன் திருப்பூரிலிருந்து பேசியபோது கேட்டேன். சிரித்தான். “நான்தான் பாப்பா போட்டேன். டி.டி.பி. கடையில பிரிண்டருக்காக எல்லாருக்கும் நம்பர் போட்டு வெச்சிருந்தாங்க. என் மேசைக்கு 25. யூடியூப் பார்த்து நானே போட்டேன். மாத்த மறந்துட்டேன்” என்றான். சற்றுப் பொறுத்து, “நீ எப்படிக் கண்டுபிடிச்ச?” என்று கேட்டான். ஒவ்வொரு படியாகச் சொன்னேன். இடையில் ஒரு சொல்லும் பேசாமல் முழுவதையும் கேட்டான். “நானும் படிச்சிருக்கலாம்” என்று மட்டும் சொன்னான். எனக்கு என்ன பதில் சொல்வதென்று தெரியவில்லை. இந்த விடுமுறைக்கு அவன் வரும்போது, டி.எச்.சி.பி. என்றால் என்ன என்பதை அவனுக்கு விளக்கமாகச் சொல்லிக்கொடுக்கலாம் என்றிருக்கிறேன்.

முடிவுரை

பழுதுபார்க்கும் கடைக்காரரைக் குறை கூறுவதற்காக இதை நான் எழுதவில்லை. உண்மையிலேயே கார்டு பழுதாகும் நேரமும் உண்டு. அதை அவர்தான் மாற்ற வேண்டும். ஆனால் எங்கே பழுது என்பதை அறிந்தபின் கடைக்குப் போவது வேறு; ஒன்றும் அறியாமல் போய் நிற்பது வேறு.

மாணவ நண்பர்களே! நம்மில் பலர் வீட்டின் முதல் பட்டதாரிகளாகப் போகிறவர்கள். சந்தேகம் வந்தால் கேட்பதற்கு நம் வீட்டில் ஆள் இல்லை. மாறாக, நம்மைக் கேட்பதற்குத்தான் வீட்டில் ஆட்கள் இருக்கிறார்கள். எல்லாம் தெரிந்தவர்களாக இருக்க நம்மால் இயலாது. ஆயினும் தெரியாத ஒன்றை எங்கிருந்து தொடங்கித் தேடுவது என்பதை நம் ஆய்வகங்கள் நமக்குக் கற்றுத் தருகின்றன. அருகில் இருப்பதிலிருந்து தொடங்குவோம். ஒவ்வொரு கண்ணியாகத் தட்டிப் பார்ப்போம். ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றுவோம். கண்டதை எழுதி வைப்போம்.

மேற்கண்ட எட்டுப் படிகளையும் ஒரு தாளில் எழுதிப் பெரியப்பா கடையின் சுவரில், காலண்டருக்குக் கீழே ஒட்டியிருக்கிறேன். சென்ற வாரம் பத்தாம் வகுப்புத் தம்பி ஒருவன் அதைப் பார்த்துத் தன் வீட்டு இணைப்பைத் தானே சரிசெய்ததாகச் சொல்லிவிட்டுப் போனான். அன்றிரவு அம்மாவிடம் அதைச் சொன்னேன். “அந்தத் தாளை நம்ம வீட்டுலயும் ஒண்ணு ஒட்டு” என்றார். எங்கள் வீட்டில் இன்னும் இணைப்பு இல்லை. இருந்தாலும் ஒட்டியிருக்கிறேன்.